தணலில் பச்சைக்காய் சுடுறது: பயிற்றை, போஞ்சி, சிறகவரை, கௌபி

குளக்கட்டு எழுதியது:

தை பிறந்து மழை விட்டால் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கமெல்லாம் பயிற்றங்காய் மலிஞ்சு போகும். வறை, பால்கறி, பிரட்டல் எல்லாத்துக்கும் இந்தக் களத்தில பழைய உரையாடல் இழைகள் கிடக்கு. தணலில கம்பி வலை வைச்சுச் சுடுறதைப் பற்றி மட்டும் ஒருத்தரும் ஒழுங்கா எழுதேல்லை. சிரட்டைத் தணல், அதுக்கு மேல ஒரு சாண் உயரத்தில வலை, கழுவின காயில உப்பும் தேசிக்காயும் பிரட்டிப் போட்டது. இருபது நிமிசத்தில வந்தது: நிறம் செத்த காய், தோல் வார் மாதிரி, உள்ளுக்கு விதை பச்சை. எங்க பிழை?

அம்மிக்கல் எழுதியது:

நீங்கள் எழுதின ஒரே வசனத்துக்குள்ள நாலு பிழை இருக்கு. ஒரு சாண் உயரம், ஈரக்காய், உப்பு, தேசிக்காய்.

எங்கட பேச்சிலயே "சுடுறது" வேற, "வாட்டுறது" வேற. வாழையிலையை வாட்டுறம், கத்தரிக்காயைச் சுடுறம். நீங்கள் செய்தது வாட்டல். மெல்லிய சூட்டில கன நேரம் கிடந்தால் காயில இருக்கிற தண்ணி மெதுவா வெளிய போகும், காய் சுருங்கும், ஆனால் தோல் ஒரு இடத்திலயும் சிவக்காது. மிஞ்சிறது நார்தான். பச்சைக்காய்க்கு மூர்க்கமான சூடு, குறைஞ்ச நேரம்.

ஈரம் ஏன் இவ்வளவு கெடுதல்? தோல் சிவந்து மணம் வர 140 பாகை செல்சியசுக்குக் கிட்ட வேணும். மேல தண்ணி ஒட்டியிருக்கும் மட்டும் அந்த இடம் 100 பாகையைத் தாண்டாது. ஒரு கிராம் தண்ணியை 30 பாகையில இருந்து 100க்குக் கொண்டுபோக 70 கலோரி போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேணும். தணலின்ர பலமெல்லாம் அந்தத் தண்ணிக்கே போகுது, நீங்கள் காயை அவிச்சுக்கொண்டு நிக்கிறியள். கழுவினால் துணியில பரப்பி ஒரு மணித்தியாலமாவது காய விடுங்கோ. அவசரமெண்டால் துணியில சுத்தி உருட்டித் துடையுங்கோ.

தணல்முற்றம் எழுதியது:

அம்மிக்கல் சொன்னதோட அளவுகளையும் போடுறன்.

பயிற்றங்காய் 500 கிராமுக்கு நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, அதுக்கு மேல வேண்டாம். கையால பிரட்டினால் காய் மினுங்கவேணும், கீழ சட்டியில எண்ணெய் தேங்கக்கூடாது. தேங்கினால் அது தணலில சொட்டி, சுவாலை எழும்பி, காயில கரி படியும். அந்தக் கறுப்பு சுட்ட கறுப்பில்லை, விளக்குப் புகைக் கறுப்பு. நாக்கில கசக்கும்.

வலை தணலுக்கு மேல நாலு விரற்கடை, ஐஞ்சு விரற்கடை. வலை மட்டத்தில உள்ளங்கையைப் பிடிச்சு எண்ணுங்கோ. இரண்டு, மூண்டு எண்ணேக்க கையை எடுக்கவேண்டி வந்தால் சரி. ஐஞ்சு எண்ணும் மட்டும் பிடிக்க முடிஞ்சால் தணல் காணாது. வெறும் வலையை 5 நிமிசம் காய விட்டு, எண்ணெய்த்துணியால ஒருக்காத் துடைச்ச பிறகுதான் காய் போடவேணும். குளிர்ந்த கம்பியில போட்ட காய் ஒட்டிக்கொண்டு, பிரட்டேக்க தோல் உரியும்.

பயிற்றை 5 தொடக்கம் 7 நிமிசம், ஒண்டரை நிமிசத்துக்கு ஒருக்காப் பிரட்டல். போஞ்சிக்கு 8 தொடக்கம் 10. சிறகவரைக்கு 4, கூடினால் 5.

உப்பு எடுத்த பிறகு, சூட்டோட. முதலே போட்டால் உப்பு தண்ணியை வெளிய இழுக்கும், துடைச்ச காய் திரும்ப ஈரமாகும். தேசிக்காயும் கடைசியில. புளி பட்டுச் சூடும் ஏறினால் பச்சை நிறம் பாசி நிறமாகிப்போகும். இலைப்பச்சையத்தில இருக்கிற மக்னீசியத்தை அமிலம் கழட்டிப்போடுறதுதான் காரணம்.

ஈர்க்குக்கட்டு எழுதியது:

பயிற்றை இரண்டு முழ நீளம் வரும். அப்படியே போட்டால் பாதி வலைக்கு வெளியால தொங்கும், வெட்டிப் போட்டால் கம்பி இடுக்கால தணலுக்க விழும். அதுக்கு ஒரு வழி.

மூண்டு காயை ஒண்டாப் பிடிச்சு ஒரு நுனியில இருந்து சுத்திக்கொண்டு வாங்கோ, தலைச்சுமைக்குச் சும்மாடு கட்டுற மாதிரி. ஆனால் இறுக்கிச் சுத்தக்கூடாது. சுத்துக்குச் சுத்து ஒரு ஈர்க்கு நுழையுற இடைவெளி இருக்கவேணும், இல்லாட்டில் உள்சுத்து அவிஞ்சும் வெளிச்சுத்து கருகியும் வரும். சுருள் உள்ளங்கை அகலம் வந்ததும் வால் நுனியை வெளிச்சுத்துக்கு அடியால செருகி, இரண்டு ஈர்க்கைக் குறுக்கால, ஒரு விரல் இடைவெளியில, அந்தப் பக்கம் வரும் மட்டும் குத்துங்கோ. ஒரு ஈர்க்கு போட்டால் பிரட்டேக்க சுருள் அதைச் சுத்திச் சக்கரம் மாதிரி உருளும். இரண்டு போட்டால் அப்பளம் மாதிரிப் பிரட்டலாம்.

ஈர்க்கு பச்சை ஓலையில கிழிச்சது நல்லம். காய்ஞ்ச விளக்குமாத்து ஈர்க்கெண்டால் அரை மணித்தியாலம் தண்ணியில ஊறவேணும். பழைய விளக்குமாறைப் பிரிச்சு எடுக்காதேங்கோ, சொல்லவும் வேணுமோ.

இன்னொண்டு. வேலியில கையில அகப்படுற எந்தத் தடியையும் சீவிக் குத்தக்கூடாது. அலரித் தடி நஞ்சு.

கறுத்தக்கொழும்பான் எழுதியது:

இவ்வளவு சடங்கு தேவையில்லை. கொதிக்கிற உப்புத்தண்ணியில இரண்டு நிமிசம் போட்டு எடுத்துச் சுட்டால் எந்தக் காயும் உள்ளுக்கு அவிஞ்சிருக்கும். கொழும்பில பார்பிகியூ போடுற எல்லா இடத்திலயும் அப்படித்தான்.

அம்மிக்கல் எழுதியது:

அண்ணை, அது லொறியில வாற போஞ்சிக்குச் சரி. வெலிமடை, நுவரெலியாப் பக்கம் ஆய்ஞ்சு, தம்புள்ளையில இறங்கி ஏறி, வவுனியா தாண்டிக் கிளிநொச்சிச் சந்தைக்கு வரேக்க காயின்ர பச்சைத்தண்ணி குறைஞ்சிருக்கும். அதை அவிச்சுச் சுடுறது நியாயம். காலமை ஆய்ஞ்ச பயிற்றையைப் பின்னேரம் சுடேக்க அதுக்குள்ள இருக்கிற தண்ணியே அதை அவிக்கும். முதலே தண்ணியில போட்டால் இனிப்புக் கரைஞ்சு போகும், திரும்பக் காய விடவும் வேணும்.

போஞ்சி எங்கட பக்கம் ஏன் பெரிசா இல்லை எண்டும் சொல்லிவிடுறன். 30 பாகைக்கு மேல வெயில் நிண்டால் அதின்ர பூ கொட்டும். வன்னியில பங்குனி, சித்திரை எப்படி எண்டு தெரியும்தானே. பயிற்றை அந்தச் சூட்டுக்கெண்டே பிறந்தது.

கறுத்தக்கொழும்பான் எழுதியது:

சரி, புதுக்காய்க்கு அவியல் வேண்டாம், ஒத்துக்கொள்ளுறன். முத்தின காய்க்கு?

குளக்கட்டு எழுதியது:

முத்தலை எப்படிப் பார்க்கிறது எண்டும் ஆராவது சொல்லுங்கோ. சந்தையில கட்டா வாங்கேக்க வெளிக்காய் வடிவாத்தான் இருக்கும்.

வயல்வரம்பு எழுதியது:

தோட்டக்காரர் பார்வையில:

பூ விரிஞ்சு பத்து, பன்னிரண்டு நாளில ஆயவேணும். விதை வெளியால மணி மணியாத் தெரியுதெண்டால் அது சுடுற காயில்லை. பிடிச்சுப் பார்க்கேக்க பஞ்சு மாதிரி அமுங்கினால், விதைக்கும் தோலுக்கும் இடையில காத்து இருக்கு. அந்தக் காய் தணலில ஊதி, தோல் மட்டும் கருகி, உள்ளுக்கு ஒண்டும் இருக்காது. வெளிறின பச்சைத் தடிச்சகாய் வகையள் கெதியாப் பஞ்சாகும். கடும்பச்சை மெல்லிசுக் காய் இறுக்கமா நிக்கும். சுடுறதுக்கு இரண்டாவதுதான். கட்டை அவிழ்க்க விடமாட்டினமெண்டால் நடுவில இருக்கிற ஒரு காயை நுனியில பிடிச்சு விரலைச் சுத்தி வளையுங்கோ. முறிஞ்சால் எடுங்கோ. நார் இழுபட்டு வளைஞ்சுகொண்டே போனால் விட்டிடுங்கோ.

சின்ன ஓட்டையும் அதைச் சுத்திப் பொடி மாதிரி எச்சமும் இருந்தால் காய்துளைப்பான் புழு உள்ளுக்கு. வறைக்கு அரியேக்க அகப்படும், முழுசாச் சுடேக்க அகப்படாது. ஒவ்வொரு காயையும் வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ. காம்படியில கறுப்பா அழுக்கணவன் பூச்சி அப்பியிருந்தால் உப்புத்தண்ணியில அலசினால் போகும். மருந்தடிச்ச தோட்டக் காயெண்டால் போத்தில் லேபலில போட்டிருக்கிற நாள் கழிஞ்சுதான் ஆயவேணும். சுட்டால் மருந்து போயிடும் எண்டு ஒரு கதை இருக்கு, நம்பாதேங்கோ.

பிரிட்ஜில வைக்கிறதெண்டால் கீழ் மரக்கறித் தட்டில, இரண்டு நாள். மேல் தட்டுக் குளிர் இதுக்கு ஒத்துவராது. துரு பிடிச்ச மாதிரிப் புள்ளி விழும், சுடேக்க அந்த இடம்தான் முதல்ல கருகும்.

பாலைநிழல் எழுதியது:

அடுப்பைப் பற்றி இன்னும் ஒருத்தரும் எழுதேல்லை. காயை விட அதுதான் முக்கியம்.

சிரட்டை கெதியாப் பத்தும், கடும் சூடு தரும், கெதியா அணையும். பத்தவைச்சு முதல் பதினைஞ்சு நிமிசம் சுவாலையும் மஞ்சள் புகையும்தான். அந்த நேரம் காய் போட்டால் புகைப்பிசின் மணம் ஏறும். மேல சாம்பல் படிஞ்சு, உள்ளுக்கு ஆரஞ்சு நிறமா நிக்கேக்கதான் நேரம். அது பத்து நிமிசத்துக்கு மேல நிக்காது, ஆனால் பயிற்றைக்கு ஏழு நிமிசம்தானே வேணும். அரைக் கிலோவுக்கு பதினைஞ்சு, இருபது பாதிச் சிரட்டை போதும்.

ஊமல் இருந்தால் அதைப் போல ஒண்டும் இல்லை. பனங்கொட்டையைப் பிளந்து, உள்ளுக்கு இருக்கிற தின்னுற வெள்ளைப் பூரானை எடுத்த பிறகு எறியிற கோதுதான் ஊமல். பத்த நேரமெடுக்கும், பிறகு ஒரே சீரா நிக்கும். கன பேருக்குச் சுடுறதெண்டால் கீழ ஊமல், மேல சிரட்டை.

பாலை, வீரை விறகுத் தணல் பலம் கூடினது. விழுந்து காய்ஞ்ச கொப்பு போதும், அதுக்காகக் காட்டுக்க கத்தி கொண்டு போகவேண்டாம். பெயின்ற் அடிச்ச பலகை, பழைய யன்னல் சட்டம், ரயர்த்துண்டு போட்டுப் பத்தவைக்கிறது, ஒண்டும் கூடாது. தென்னம்பன்னாடை ஒரு பிடி போதும் பத்த வைக்க.

வலைக்குக் கோழிக்கூட்டு வலையை வெட்டிப் போடுறவை இருக்கினம். அது நாகம் பூசின கம்பி. கடும் தணலில அந்தப் பூச்சு உருகிப் புகையும், சுவாசிக்கக் கூடாத புகை. பூச்சில்லாத இரும்புக் கம்பி, இல்லாட்டி மீன் சுடுற கைபிடி வைச்ச எவர்சில்வர் வலை வாங்குங்கோ. இரண்டு பக்கமும் மூடுற வலையெண்டால் ஈர்க்கே தேவையில்லை.

வைகாசி தொடக்கம் ஆவணி மட்டும் சோளகக் காத்து அடிக்கேக்க அடுப்புக்குத் தென்மேற்குப் பக்கம் தகரம் சாத்தவேணும். காத்துப் பட்ட பக்கம் தணல் பறக்கும், மற்றப் பக்கம் செத்துப்போகும்; ஒரே வலையில பாதிக்காய் கரி, பாதிக்காய் பச்சை. காய்ஞ்ச புல்லுக் காலம், பக்கத்தில ஒரு வாளி தண்ணி.

கனடா_வன்னியான் எழுதியது:

இங்க கோடையில ஃபாவா பீன்ஸ் எண்டு ஒரு தடிச்ச காய் வரும். இத்தாலிக்காரர் அதைத் தோலோட கிரில்லில போட்டு, கருகினதும் பிதுக்கித் தின்னுவினம். ஊரில அதுக்குச் சமனா என்ன இருக்கு? மொச்சையை அப்படிச் செய்யலாமோ?

அம்மிக்கல் எழுதியது:

மொச்சை வேண்டாம் தம்பி. பிஞ்சு அவரைக்காயைச் சுடலாம், பரவாயில்லை. முத்தின அவரை விதையில, அதுதான் மொச்சை, சயனைட்டுச் சேர்மம் இருக்கு. அதை அவிச்சுத் தண்ணியை ஊத்தித்தான் தின்னுறது. தோலுக்குள்ள வைச்சுச் சுட்டால் அந்தத் தண்ணியை எங்க ஊத்துறது? வாளவரை விதைக்கும் இதே எச்சரிக்கை.

போஞ்சி விதை, ராஜ்மா இரண்டும் இன்னும் கவனம். முத்தின விதையில இருக்கிற லெக்டின் எண்ட நஞ்சுப் புரதம் அரைகுறைச் சூட்டில சாகாது. ஊறவைச்சு, அந்தத் தண்ணியை ஊத்தி, புதுத்தண்ணியில கொதிக்கக் கொதிக்க அரை மணித்தியாலம் அவிச்ச பிறகு வேணுமெண்டால் தணலில காட்டுங்கோ.

ஃபாவாவில ஒரு விசயம்: ஜி6பிடி எண்ட நொதியம் குறைஞ்ச ஆக்கள் அதைத் தின்னவே கூடாது, இரத்தச் சிவப்பணு உடையும். விருந்துக்கு வைக்கிறதெண்டால் கேட்டு வையுங்கோ.

சமன் எண்டு கேட்டால் கௌபி. காய் மஞ்சளாகத் தொடங்க முன்னம், விதை நிறைஞ்சு பச்சையா இருக்கேக்க.

வயல்வரம்பு எழுதியது:

ஓம், பச்சைக் கௌபிதான். காய்ஞ்ச கௌபி எல்லாரும் அவிச்சுத் தாளிச்சுத் தின்னுறது, காயோட சுடுறதை மறந்துபோச்சினம். விதையை நெரிச்சால் நகம் சுலபமா இறங்கவேணும், ஆனால் பால் வரக்கூடாது. பால் வந்தால் இன்னும் நாலு நாள் விடுங்கோ.

இதுக்கு மட்டும் முறை தலைகீழ். எண்ணெய் வேண்டாம், காயவிடத் தேவையில்லை, ஈரத்தோட போடலாம். தோல் இங்க சட்டி மாதிரி. உள்ளுக்குள்ள ஆவி அடைபட்டு விதையை அவிக்கும். 10 தொடக்கம் 12 நிமிசம், நடுச் சூட்டில, தோல் இரண்டு பக்கமும் கறுக்கும் மட்டும். ஒரு காயை எடுத்துப் பிளந்தால் விதை மாவா நசியவேணும். நடுவில வெள்ளைப் புள்ளி கடினமாத் தெரிஞ்சால் இன்னும் மூண்டு நிமிசம். எடுத்துச் சட்டியில போட்டு ஐஞ்சு நிமிசம் மூடி வைச்சிட்டுப் பிதுக்குங்கோ.

பச்சைக் கச்சானும் (கச்சான் காத்து இல்லை, நிலக்கடலை) இப்படித்தான். மண் போகக் கழுவி, கோதோட, இருபது நிமிசம். முறிகண்டியில விக்கிற வறுத்த கச்சானோட ஒப்பிடாதேங்கோ; அது காய்ஞ்ச கடலை, மணலில வறுக்கிறது. இது பாதி அவிச்சது, பாதி சுட்டது.

ஈர்க்குக்கட்டு எழுதியது:

சிறகவரைக்கு நாலு நிமிசம் எண்டு தணல்முற்றம் போட்டதில ஒரு திருத்தம். நாலு சிறகும் மெல்லிசு, நடுத்தண்டு தடிப்பு. முழுசாப் போட்டால் சிறகு கருகி முடியேக்க தண்டு பச்சை. நீளப்பாட்டுக்கு இரண்டாப் பிளந்து, வெட்டுப்பக்கத்தைத் தணலுக்குக் காட்டி மூண்டு நிமிசம், பிரட்டி ஒரு நிமிசம். ஒரு சாணை விட நீண்ட காய் எடுக்காதேங்கோ, நாராயிருக்கும். பகல் குறுகினால்தான் அது வடிவாப் பூக்கும், அதால மார்கழி, தையில பாருங்கோ. ஆனியில தேடினால் கிடைக்காது.

தணல்முற்றம் எழுதியது:

திருத்தம் சரி. பிளந்து போடுறதுதான் நல்லம்.

குளக்கட்டு எழுதியது:

வாழையிலையில பொதிஞ்சு சுடலாமோ? வெந்தது எண்டு எப்படித் தெரியும்? தொட்டுக்கொள்ள என்ன?

அம்மிக்கல் எழுதியது:

வாழையிலைப் பொதி அவியல். நல்ல அவியல்தான், ஆனால் இந்த இழைக்குரிய விசயமில்லை.

வெந்ததுக்கு அடையாளம்: தோலில கறுப்புக் கொப்புளம் அங்கங்க, காய் நடுவில பிடிச்சுத் தூக்கினால் இரண்டு நுனியும் தளர்ந்து தொங்கும், கடிச்சால் பல்லில கீச்செண்டு சத்தம் வராது. கீச்சிட்டால் இன்னும் பச்சை.

தொட்டுக்கொள்ள, அதே தணலில செய்யிற சம்பல். தோலோட 6 சின்ன வெங்காயம், 2 பல்லு உள்ளி ஓரத்தணலில புதைச்சு எட்டு நிமிசம். செத்தல் மிளகாய் 4, காம்போட பிடிச்சு வலையில பத்து எண்ணும் மட்டும்தான். பதினைஞ்சு எண்ணினால் முத்தத்தில நிக்கிற எல்லாரும் இருமுவினம், மிளகாயும் கசக்கும். முதல்ல மிளகாயும் உப்பும் அம்மியில இடி. பிறகு உள்ளி, ஒரு தேக்கரண்டி மாசிக் கருவாட்டுத் தூள், மூண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ. வெங்காயம் கடைசியில, ஒரு தட்டுத் தட்டினால் போதும், அரைச்சால் களியாகும். அரைத் தேசிக்காய்ப்புளி. மாசி வேண்டாத ஆக்கள் வறுத்த எள்ளு ஒரு தேக்கரண்டி போடுங்கோ.

சுருளைச் சட்டியில அடுக்கி, சூட்டோடயே சம்பலை மேல தூவி, நாலு மேசைக்கரண்டி தேங்காய் முதற்பால் ஊத்திறவையும் இருக்கினம். பால் ஊத்தினால் உடன சாப்பிடவேணும், காய் ஊறினால் சுட்ட மணம் போயிடும். வலையில இருக்கேக்க பால் பூசாதேங்கோ. பாலில இருக்கிற இனிப்பு முதல்ல கருகும்.

கறுத்தக்கொழும்பான் எழுதியது:

முத்தின காய்க் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

வயல்வரம்பு எழுதியது:

முத்தினதை உரிச்சு விதையைக் கறிக்குப் போடுங்கோ அண்ணை. தோலை மாட்டுக்கு. அதை இரண்டு நிமிசமென்ன, பத்து நிமிசம் அவிச்சுச் சுட்டாலும் நார் நார்தான்.

குளக்கட்டு எழுதியது:

செய்து பார்த்தாச்சு. நாலு விரற்கடை, துடைச்ச காய், உப்பு கடைசியில. ஆறு நிமிசம், பச்சை நிறம் நிண்டுது. ஒரே ஒரு கேள்வி மிச்சம்: சுருளின்ர நடுக்கண் மட்டும் கொஞ்சம் கீச்சிட்டுது.

ஈர்க்குக்கட்டு எழுதியது:

நடுவில விரல் நுழையுற ஓட்டை விட்டுச் சுத்தத் தொடங்குங்கோ. சும்மாட்டுக்கும் நடுவில ஓட்டை இருக்குதுதானே.